வேரோடு ஒரு பங்கு

மன்னார்த் தீவிலே பூந்தோட்டம் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் யாழ்ப்பாணத்து நண்பர்களின் முகத்தில் ஒரு புன்னகை தோன்றும். கண்டிப் பக்கத்து நண்பர்களோ அதை நம்புவதே இல்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பெருநிலத்திலிருந்து பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைபவன் முதலிற் காண்பது வெண்மணல், அடுத்துப் பனை, அதற்கடுத்து, தெருவை வழிமறித்து நிற்கும் கழுதைகள். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை பெரும்பாலும் ஆயிரம் மில்லிமீற்றரைத் தொடுவதில்லை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிற் கொட்டித் தீர்ந்துவிடும். பின்பு வைகாசியிற் சோளகம் எழுந்து மணலை வாரி இறைக்கத் தொடங்கினால், இளந்தளிர் எதுவும் அதன் முன் நிற்காது. காற்றுக்குத் தப்பியது வெயிலுக்கு. வெயிலுக்குத் தப்பியது ஆட்டுக்கு. இதுவே எங்கள் தோட்டக்கலையின் சுருக்கமான வரலாறு.

இத்தகைய நிலத்தில் விதையை நம்பித் தோட்டம் செய்தல் அரிது. விதை முளைப்பதற்கு ஈரம் வேண்டும். முளைத்தது வேரூன்றக் காலம் வேண்டும். இரண்டையும் இந்த மண் தாராளமாகக் கொடுப்பதில்லை. ஆகவே எங்கள் முன்னோர் வேறொரு வழியைக் கைக்கொண்டனர். செழித்து நிற்கும் ஒரு தூரை அலவாங்கினாற் கெல்லி எடுத்து, வேரும் குருத்தும் உள்ள துண்டுகளாகப் பிரித்து, ஒன்றைத் தம் முற்றத்திலே வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை அயலாருக்குக் கொடுத்தனர். தூர் பிரித்து நடுதல் என்று இதனைச் சொல்லலாம். புதுக்கன்று பிறக்கும்போதே வேரோடு பிறக்கிறது; அதனால் வரட்சியோடு போராடும் வலிமையும் அதற்குப் பிறவியிலேயே வாய்த்துவிடுகிறது.

எல்லாத் தாவரங்களும் இப்படிப் பங்கு போட இடங்கொடுப்பதில்லை. எங்கள் தீவின் அடையாளமாகிய பனையை எடுத்துக்கொள்வோம். அதற்கு உச்சியில் ஒரேயொரு குருத்து. அதை வெட்டினால் மரம் மாண்டது. விதையினால் மட்டுமே அது பெருகும். நட்ட கொட்டை ஆணோ பெண்ணோ என்பதைப் பாளை தள்ளும்வரை, அதாவது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்தே அறிய வேண்டும். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரமும் அவ்வாறே பிரிக்க முடியாதது. அராபிய வணிகர் ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்து 1477இல் நட்டனர் என்று மரபுரை கூறும் அம்மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர். ஒருவர் கையை ஒருவர் பற்றி மாணவர் பலர் வட்டமாக நின்றாலன்றி அதனை அணைக்க இயலாது. எத்துணைப் பெரிதாயினும் அது தனிமரம். விழுந்தால் அதனோடு அதன் கதையும் முடியும்.

தூர் பிரிப்பதற்கு இடங்கொடுப்பவை நிலத்துக்குள்ளே பக்கவாட்டிற் பரவும் தண்டோ, கிழங்கோ, குமிழோ உடையவை. கல்வாழை இவற்றுள் எளியது. அதன் நிலத்தண்டை வெட்டும்போது துண்டொன்றுக்கு இரண்டு மூன்று முளைகளேனும் இருக்கப் பார்த்துக்கொண்டாற் போதும். மழைக்காலத்து முதல் ஈரத்திலே திடீரெனப் பூக்கும் மழை லில்லிக்குக் கத்தியே தேவையில்லை. மூன்று நான்கு ஆண்டுகளிற் குமிழ்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பூக்குறையும். தோண்டி உதிர்த்து இடம்விட்டு நட்டால் மறுபடியும் பூக்கும். கடற்கரையிலே தானாகவே வளரும் விஷமூங்கிலின் வெள்ளைப்பூ இராக்காலத்தில் மணக்கும். அதன் அடியிலே தோன்றும் சிறு குமிழ்களைப் பெயர்த்து நடலாம். கற்றாழையின் குட்டிகள் சாண் உயரம் வந்ததும் வேரோடு பிரிக்கத் தகுந்தவை. கார்த்திகைப்பூவின் கிழங்கு இரண்டாகக் கவர்விட்டிருக்கும். ஒவ்வொரு கவரின் நுனியிலும் ஒரேயொரு முளை உண்டு. அந்த முளை முறிந்தால் அக்கிழங்கினாற் பயனில்லை. அக்கிழங்கு கொடிய நஞ்சுடையது. ஆதலால் தொட்ட கையை நன்கு கழுவ வேண்டும். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் வேண்டும்.

செய்முறை கடினமானதன்று. முதல்நாள் தூரைச் சுற்றி நீர் ஊற்றி மண்ணை இளக்கிக்கொள்க. ஒரு சாண் தள்ளி அலவாங்கை இறக்கி முழுத்தூரையும் பெயர்த்து, மண்ணை உதறுக. எங்கே இயல்பாகப் பிரிகிறதோ அங்கே கையாற் பிரிக்கலாம். பிரியாவிடின் நெருப்பிற் காட்டி ஆறவைத்த கத்தியால் வெட்டுக. சதைப்பற்று உள்ளவையாயின் வெட்டுவாய் காயும்வரை இரண்டு மூன்று நாள் நிழலிற் போட்டுவைத்தே நட வேண்டும். எங்கள் மணலில் இது எளிது. முருங்கன் பக்கத்துக் களிமண்ணோ மாரியிற் பசையாய் ஒட்டிக் கோடையிற் பாளமாய் வெடிப்பது. அங்கே மேடு கட்டி நட வேண்டும். பெருமழை தொடங்குவதற்குச் சற்று முன், புரட்டாசிக் கடைசியோ ஐப்பசி முதலோ இதற்கு ஏற்ற பருவம்.

இம்முறையின் சிறப்பு எதுவோ அதுவே அதன் குறையும் ஆகும். பிரித்தெடுத்த கன்று தாயின் பிள்ளை அன்று, தாயே அது. அதே பூ, அதே நிறம், அதே வலிமை, அதே நோயும். வாழை இதற்குச் சான்று. நாம் உண்ணும் வாழைக்கு விதையில்லை. தலைமுறை தலைமுறையாகப் பக்கக்கன்றினாலேயே அது வந்துகொண்டிருக்கிறது. உலகச் சந்தையை ஒருகாலத்தில் ஆண்ட குரோ மிசேல் என்னும் வாழையினம், பனாமா வாடல்நோய் புகுந்தபின் தோட்டந் தோட்டமாக அழிந்து, 1960ஆம் ஆண்டளவில் ஏற்றுமதி வாணிகத்திலிருந்து மறைந்தது. ஒன்றைக் கொல்ல வல்ல நோய் எல்லாவற்றையும் கொல்ல வல்லதாயிற்று. அதன் இடத்துக்கு வந்த கவெண்டிஷ் இனமோ, 1830களில் இங்கிலாந்தின் சட்ஸ்வேர்த் மாளிகைத் தோட்டத்தில் யோசப் பக்ஸ்ரன் வளர்த்த வாழையின் வழிவந்தது என்பர். இப்போது அதனையும் அந்நோயின் புதிய வகையொன்று தாக்கி வருகிறது. ஆதலால் கத்தியைச் சுடுவது வெறுஞ் சடங்கன்று. நலிந்த தூரைப் பங்கிட்டுக் கொடுப்பது அயலானுக்கு நோயைக் கொடுப்பதாகும்.

இனி, நான் சொல்ல எடுத்துக்கொண்ட செடிக்கு வருகிறேன். அது மருள்.

வாள்போல் நிமிர்ந்து நிற்கும் தடித்த இலைகளையுடைய மருளை அறியாதார் இரார். அதன் ஓரினம் இந்நாட்டுக்கே உரியது; இலங்கையின் பழைய பெயரைத் தன் அறிவியற் பெயரிலே தாங்கியிருப்பது. சன்செவியேரியா என்று தனிப்பேரினமாக நெடுங்காலம் எண்ணப்பட்ட இவற்றை அண்மைக்காலத் தாவரவியலார் டிராசீனா என்ற பேரினத்துள் அடக்கியுள்ளனர். இதன் இலைநாரினால் முற்காலத்தில் வில்லுக்கு நாண் முறுக்கினர். வரட்சியைத் தாங்கும் இதன் திறம் வியக்கத்தக்கது. மற்றைத் தாவரங்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்வாங்க, இது பகலில் அவற்றை மூடிக்கொண்டு இரவின் குளிர்ச்சியிலே திறக்கிறது. நீரை இழக்காமல் வாழக் கற்ற செடி. மன்னாருக்கு இதைவிட ஏற்றது வேறென்ன உண்டு?

மருளிலே அழகுக்கு வளர்ப்பது ஆபிரிக்காவின் மேற்கிலும் நடுவிலும் இருந்து வந்த இனம். அதிலும் இலையின் இருமருங்கிலும் பொன்னிறக் கரையிட்டது போன்ற வகை ஒன்று உண்டு. கொங்கோவில் தாவரங்களைத் தேடித் திரட்டிய லோரன் என்ற பெல்ஜிய நாட்டறிஞரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. பெருக்கமரத்தைப் போலவே இதுவும் கடல் கடந்து வந்த ஆபிரிக்க விருந்தாளி.

1980களின் தொடக்கத்தில், ஆசிரியனாக நியமனம் பெற்று மன்னார் நகரிலே குடியிருந்தேன். என் வேலிக்கு அப்பால் ஒரு முஸ்லிம் குடும்பம். அவ்வீட்டுப் பெரியவளை நான் உம்மா என்றே அழைத்தேன். அவளுக்கு நான் மாஸ்டர். அவளுடைய கிணற்றடியிலே பொற்கரை மருள் ஒரு பெருந்தூராக நின்றது. எங்கிருந்து வந்ததென்று கேட்டால், "என்ர உம்மாவின்ர உம்மா வச்சது" என்பாள். அதற்கு மேல் வரலாறு இல்லை. ஓர் ஐப்பசியில் அவளே தூரைக் கெல்லி, வேரும் நாலைந்து இலையும் கொண்ட ஒரு பங்கைக் கிடுகு வேலிக்கு மேலாக நீட்டினாள். "இலையை முறிச்சு வைக்காதீங்க மாஸ்டர், வேரோட வைக்கவேணும்" என்று சொல்லித் தந்தாள். தாவரவியல் படிப்பித்த எனக்குத் தூர் பிரிக்கக் கற்றுத் தந்தவள் எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்மணியே. என் தூர் பெருத்ததும் அதிலே ஒரு பங்கை முருங்கனில் இருந்த சக ஆசிரியர் ஒருவருக்குக் கொடுத்தேன்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் ஆயுதந் தாங்கியோரின் ஆணையினால் தம் மண்ணைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்தவர்களிற் பலர் படகேறிக் கற்பிட்டிக்கும் அங்கிருந்து புத்தளத்துக்கும் போயினர். எடுத்துச் செல்லக்கூடிய பொருளுக்கும் வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. இவை யாவரும் அறிந்த செய்திகள். நான் அறிந்த சிறு செய்தியொன்றை இங்கே சொல்லியாக வேண்டும்.

உம்மாவின் கடைசி மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். மூட்டைகள் வாசலில் இருந்தன. அச்சிறுமி கிணற்றடிக்கு ஓடிவந்து மருள் தூரை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். நீண்டகாலம் வேர் விட்ட தூர், அது அசையவில்லை. யாரோ கூப்பிட்டார்கள். அவள் ஓர் இலையை அடியிலே முறித்து எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். என் அலவாங்கு கைக்கெட்டும் தூரத்திலே சுவரிற் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வேலியைக் கடந்து ஒரு பங்கைப் பெயர்த்துக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். நான் அசையவில்லை. யார் பார்ப்பார்களோ, என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் கால்களைக் கட்டிவிட்டது. அந்த நாளில் என்னால் தடுத்திருக்கக் கூடியது எதுவுமில்லை என்பது உண்மை. ஆனால் கொடுத்திருக்கக் கூடியது ஒன்று இருந்தது.

சில காலத்தில் நாங்களும் தீவைவிட்டுப் போக நேர்ந்தது. மடுவிலே சில மாதம், முருங்கனிலே சில ஆண்டு. திரும்பி வந்தபோது உம்மாவின் வீட்டுக்குக் கூரை இல்லை. இரண்டு முற்றங்களும் ஆழமாகக் கிளறப்பட்டிருந்தன. அவளுடைய தூரும் இல்லை, என்னுடையதும் இல்லை. முருங்கனில் நண்பருக்குக் கொடுத்த பங்கு மட்டும் மேட்டின்மேல் பொற்கரையோடு நின்றது. அதிலே ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து நட்டேன். வைத்திருந்தது போயிற்று, கொடுத்தது மிஞ்சிற்று.

போர் முடிந்து 2009இன் பின், புத்தளத்துக்குப் போனவர்களிற் சிலர் திரும்பத் தொடங்கினர். 2011ஆம் ஆண்டு ஒரு நாள் என் படலையைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். அவளோடு மூன்று பிள்ளைகள். கையில் ஒரு பால்மாப் பேணி, அதிலே மருள். முகத்தை அறிய எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. உம்மா புத்தளத்திலேயே காலமானதை அவள் சொல்லி அறிந்தேன். பேணியிலிருந்த மருளைப் பார்த்தேன். இலைகள் செழிப்பாக இருந்தன. ஆனால் முழுதும் பச்சை. கரையிற் பொன் இல்லை.

"இந்த ஓரத்து மஞ்சள் இனி வராதா மாஸ்டர்? கொண்டுபோன இலையில மஞ்சள் இருந்தது. அதில முளைச்சதெல்லாம் பச்சையாத்தான் வந்தது. புத்தளத்து மண்ணுக்கு அது பிடிக்கேல்ல எண்டு உம்மா மௌத்தாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தா."

"மண்ணில பிழையில்லைப் பிள்ளை" என்றேன்.

பிழை எங்கே என்பதைத் தாவரவியல் தெளிவாக அறியும். பொற்கரை மருளின் உடலிலே இரண்டு வகைக் கலங்கள் சேர்ந்து வாழ்கின்றன: பச்சையம் உள்ளவை ஒருவகை, அதனை ஆக்க வல்லமை இழந்தவை மற்றொருவகை. இலையின் கரையிலே பின்னவை அமைந்திருப்பதாலேயே அங்கே பச்சை மறைந்து பொன் தோன்றுகிறது. முன்னே சிங்கமும் நடுவே ஆடும் பின்னே பாம்புமாகக் கிரேக்கர் கற்பித்த கிமேரா என்ற விலங்கின் பெயரையே அறிவியலார் இத்தகைய இரட்டையுடற் செடிகளுக்கு இட்டுள்ளனர். நிலத்தண்டின் முளையிலே இவ்விரு வகைக் கலங்களும் அடுக்கடுக்காக ஒழுங்குற அமைந்துள்ளன. வேரோடும் முளையோடும் பிரித்து நட்டால் அந்த ஒழுங்கு குலையாது, பொற்கரையும் தொடரும். இலையை முறித்து நட்டாலோ, புது முளை இலையின் உள்ளிருக்கும் பச்சைக் கலங்களிலிருந்தே தோன்றுகிறது. ஆகவே பிறப்பதெல்லாம் பச்சையே. எந்த மண்ணிலே நட்டாலும், எத்தனை ஆண்டு காத்திருந்தாலும், எந்த எரு இட்டாலும் பொன் திரும்பாது. உம்மா ஐப்பசி மழையிலே வேலிக்கு மேலாகச் சொன்ன ஒரு வரியின் விளக்கம் இவ்வளவே.

இதையெல்லாம் அவளுக்கு விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்டைக்கு வேரோட புடுங்கத்தான் பாத்தன் மாஸ்டர். வரேல்ல" என்றாள்.

"தெரியும் பிள்ளை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நிண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"எனக்கும் தெரியும் மாஸ்டர்" என்றாள் அவள்.

அந்தச் சொல்லில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எழுந்துபோய் அலவாங்கை எடுத்தேன். இருபத்தோராண்டு பிந்திய வேலை. முருங்கனிலிருந்து வந்த தூர் அப்போது பருத்து நின்றது. அதனை முழுதாகப் பெயர்த்து, எது பெரிய பங்கோ அதை அவளுக்காக எடுத்துவைத்தேன். வெட்டுவாய் காய மூன்று நாள் வேண்டும் என்று சொன்னேன். மூன்றாம் நாள் அவளே வந்து எடுத்துப் போனாள்.

ஒரு செடியைக் கொடுத்து ஒரு கடனைத் தீர்த்துவிட்டதாக நான் எண்ணவில்லை. தூரைப் பிரித்து நடலாம். வாழ்ந்த ஆண்டுகளை அப்படி நட முடியாது. பிறந்த ஊரிலே காணிக்காகவும் கிணற்றுக்காகவும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகவும் திரும்பியவர்கள் பட்ட பாடு பெரிது. புத்தளத்திலேயே நிலைத்துவிட்டவர்களும் பலர். அவற்றின் முன் ஒரு மருள் இலையின் கரையிலுள்ள மஞ்சள் எம்மட்டு? ஆயினும் ஐந்து நிமிட வேலை ஒன்றைச் செய்யாது விட்டவனுக்கு அதன் அளவு தெரியும்.

அடுத்த மாரிக்குப் பின் அவளுடைய புதிய வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய கிணற்றடியிலேயே பொற்கரை மருள் நின்றது. அதன் பக்கத்திலே, பேணியிலிருந்து இறக்கி நட்ட பச்சை மருளும் நின்றது. இரண்டும் நெருங்கி நின்றால் பச்சை விரைந்து வளர்ந்து மற்றதை மூடிவிடும். ஆகையாற் பச்சையை அகற்றிவிடு என்று தோட்டக்காரனின் புத்தியைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அதுவும் இருக்கட்டும் மாஸ்டர். என்ர பிள்ளையள் மூண்டும் புத்தளத்தில பிறந்ததுகள்தானே" என்றாள்.

அதற்கு மேல் எதுவும் சொல்லாமல், இரண்டுக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி விட்டு நடும்படி மட்டும் கூறினேன். அவ்வாறே செய்தாள். இன்றும் இரண்டும் நிற்கின்றன.

இப்போது ஒவ்வோர் ஐப்பசியிலும் முதல் மழைக்கு முன் என் தூரைப் பெயர்த்துப் பிரிக்கிறேன். வருகிறவர் எந்தத் தெருவினர், எந்த ஊரினர் என்று கேட்பதில்லை. முற்றத்திலே காயப்போட்டிருக்கும் பங்குகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். மாணவர் சிலர் இலையொன்று போதுமே என்பார்கள். அப்போது உம்மா எனக்குச் சொன்னதையே அவர்களுக்குச் சொல்கிறேன்: இலையை முறிக்காதே; வேரோடு கொண்டுபோ.